டயாலிசிஸ் செய்பவருக்கு நியூக்ளியர் ஸ்கேன்: டர்பனில் முதல் முறை போகிறவர்களுக்கு

கதிர்வீச்சுள்ள மருந்தைக் கொஞ்சம் ஊசியில் ஏற்றிவிட்டுப் படம் எடுப்பதுதான் நியூக்ளியர் மெடிசின் ஸ்கேன். அதற்கு நாள் குறித்ததும் கையில் ஒரு தாள் கொடுப்பார்கள். அதில் இருப்பதில் பெரும்பகுதி யாருக்கும் பொருந்தும். ஆனால் "ஊசி போட்ட பிறகு நிறையத் தண்ணீர் குடியுங்கள், அடிக்கடி சிறுநீர் கழியுங்கள்" என்று ஒரு வரி இருக்கும் பாருங்கள், அது கிட்னி வேலை செய்கிறவர்களுக்காக எழுதியது. டயாலிசிஸில் இருப்பவர் அதை அப்படியே கேட்டு நடந்தால் கதிர்வீச்சு ஒன்றும் குறையாது, நுரையீரலில்தான் நீர் கோக்கும்.

நான் இங்கே டர்பனில் டயாலிசிஸ் யூனிட்டில் வேலை பார்க்கிறேன். சாட்ஸ்வொர்த்திலிருந்து டயாலிசிஸுக்கு வரும் ஒரு வயதான ஆயாவுக்கு எலும்பு ஸ்கேன் எடுத்தார்கள். மகள் அந்தத் தாளை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்துக்கொண்டு மணிக்கொரு கிளாஸ் ஊற்றிக் கொடுத்திருக்கிறார், அம்மாவின் உடம்பிலிருந்து அது சீக்கிரம் போகட்டும் என்று, அத்தனை அக்கறையோடு. மறுநாள் ஆயா வந்தபோது கணுக்காலில் விரலை அழுத்தி எடுத்தால் குழி அப்படியே நின்றது, தலையணை இரண்டு அடுக்கினால்தான் மூச்சு விட முடிந்தது. மகளைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? தாளில் போட்டிருந்ததைத்தானே செய்தார். இந்த விவரம் எல்லாம் தமிழில் கிடைப்பதில்லை என்பதால், முதல் முறை போகிறவர்களும் அவர்களை அழைத்துப் போகிற பிள்ளைகளும் எங்களைப் போன்ற யூனிட்டில் புதிதாகச் சேர்ந்த நர்ஸ்களும் படிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் என்ன ஊசி போடுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். இங்கே எடுக்கும் ஸ்கேன்களில் பெரும்பாலானவற்றுக்கு டெக்னீசியம்-99எம் என்ற பொருள்தான். எலும்புக்கு ஒரு மருந்தோடு, இதயத்துக்கும் கழுத்தில் இருக்கும் பாராதைராய்டு சுரப்பிக்கும் வேறொரு மருந்தோடு சேர்த்துப் போடுவார்கள். அதன் அரை ஆயுள் 6 மணி நேரம். அதாவது 6 மணிக்கொரு முறை அது தானாகவே பாதியாகிவிடும், சிறுநீரகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். 12 மணியில் கால் பங்கு, 24 மணியில் பதினாறில் ஒரு பங்கு, இரண்டு நாளில் 256-இல் ஒரு பங்கு. கிட்னி நன்றாக இருப்பவருக்கு எலும்பு ஸ்கேன் மருந்தில் ஏறத்தாழ பாதி அன்றைக்கே சிறுநீரில் போய்விடும், அதனால் அவருக்கு இன்னும் வேகமாகக் குறையும். டயாலிசிஸ் நோயாளிக்கு அந்த வழி அடைப்பு, கடிகாரம் மட்டும்தான் துணை. பயப்படாதீர்கள், 6 மணி நேரக் கடிகாரம் நல்ல வேகமான கடிகாரம். சிறுநீர் வழியாகப் போகாததால் சிறுநீர்ப்பைக்குக் கிடைக்கும் கதிர்வீச்சு குறைகிறது, மற்ற இடங்களில் கொஞ்சம் கூடுகிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த டெக்னீசியம் எங்கிருந்து வருகிறது என்பதைத் தெரிந்துகொள்வதிலும் ஒரு பயன் இருக்கிறது. பிரிட்டோரியா பக்கம் பெலிண்டாபாவில் சஃபாரி-1 என்று ஓர் அணு உலை 1965-இலிருந்து ஓடுகிறது. அங்கே தயாராகும் மாலிப்டினம்-99, உலகம் முழுக்க மருத்துவமனைகளுக்குப் போகிற சரக்கு. அதன் அரை ஆயுள் 66 மணி. ஈயக் கவசம் போட்ட ஒரு சிறு பெட்டியில் அது வந்து இறங்கும், அதன் வழியாக உப்புநீரைச் செலுத்தி அன்றன்றைக்கு வேண்டிய டெக்னீசியத்தைப் பிரித்தெடுப்பார்கள். சரக்கு வரத் தாமதமானாலோ, உலை பராமரிப்புக்கு நின்றாலோ ஸ்கேன் தள்ளிப்போகும். சேர்த்துவைத்துக்கொள்ள முடியாத பொருள். ஆகவே டயாலிசிஸை மாற்றி வைத்துக்கொண்டு ஸ்கேனுக்குப் போகிறவர்கள் கிளம்பும் முன் காலையிலேயே ஒரு போன் போட்டு "இன்றைக்கு ஸ்கேன் நடக்கிறதா" என்று கேட்டுவிடுங்கள். பீனிக்ஸிலிருந்து இரண்டு டாக்ஸி மாறிப் போய் வெறுங்கையோடு திரும்புவது இந்த உடம்புக்குச் சின்ன விஷயம் இல்லை.

சரி, நாள் குறிப்பது. இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான படி, இதைச் சரியாகச் செய்தால் மற்றதில் பாதி தானாகச் சரியாகும்.

ஸ்கேன் எழுதிக் கொடுக்கும் டாக்டரின் தாளில் "டயாலிசிஸ் நோயாளி" என்று இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் எழுதச் சொல்லுங்கள். எந்தெந்தக் கிழமை, எந்த நேரம், மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்வதா, வயிற்றுக்குள் நீர் விட்டு வடிக்கும் வயிற்று டயாலிசிஸா, சிறுநீர் கொஞ்சமாவது வருகிறதா, இவ்வளவும் அதில் இருக்க வேண்டும். காட்டோ மேனரில் இருக்கும் இன்கோசி ஆல்பர்ட் லுதுலி மருத்துவமனைக்கு வேறு மருத்துவமனையின் பரிந்துரை இல்லாமல் நேராகப் போக முடியாது, எனவே அந்தப் பரிந்துரைத் தாளில் விட்டுப்போனது அங்கே போய்ச் சேரவே சேராது. தனியாரில் போகிறவர்கள், குறிப்பாக பெட் (PET) ஸ்கேன் என்றால், மெடிக்கல் எய்டின், அதாவது மருத்துவக் காப்பீட்டின், முன் அனுமதியை வாங்கிய பிறகு நாள் குறியுங்கள்.

திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ் என்றால் செவ்வாயோ வியாழனோ ஸ்கேன் எடுப்பது நல்லது. முந்தின நாள் நீர் எடுத்திருப்பதால் மல்லாந்து படுக்க முடியும். ஸ்கேன் மேசை குறுகலாக இருக்கும், அசையாமல் இருபது நிமிடம், சில ஸ்கேனில் முக்கால் மணி நேரம் படுக்க வேண்டும். சனி ஞாயிறு இரண்டு நாள் நீர் சேர்ந்த உடம்போடு திங்கள் காலையில் போய்ப் படுத்தால் பத்து நிமிடத்தில் மூச்சு முட்டும், படம் கெடும், சில சமயம் ஊசி போட்டதே வீணாகும். அடுத்த டயாலிசிஸ் மறுநாள்தான் என்பதால் அதற்குள் மருந்தும் பதினாறில் ஒரு பங்காகிவிடும். எல்லாருக்கும் வசதி.

எலும்பு ஸ்கேனில் மட்டும் ஒரு விஷயம். மருந்து ரத்தத்திலும் தசையிலும் தங்கிவிடுவதால் டயாலிசிஸ் நோயாளியின் படம் மங்கலாக வரும். அதனால் வழக்கமான மூன்று மணி நேரத்துக்குப் பதில் இன்னும் அதிகம் காக்க வைக்கலாம், மறுநாளும் வரச் சொல்லலாம், இல்லை ஊசி போட்டு டயாலிசிஸ் முடித்துவிட்டு வாருங்கள் என்றே சொல்லலாம். இது டாக்டர் யோசித்துச் செய்யும் ஏற்பாடு, அலைக்கழிப்பு என்று நினைக்க வேண்டாம். நாள் குறிக்கும்போதே "எத்தனை மணிக்கு ஊசி, எத்தனை மணிக்குப் படம், மறுநாளும் வரணுமா, நடுவில் டயாலிசிஸ் உண்டா" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். டயாலிசிஸ் நோயாளி என்று தெரியாமல் படத்தைப் பார்க்கிற டாக்டருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பாராதைராய்டு தொந்தரவால் எலும்பு பாதிக்கப்பட்டிருந்தால் எலும்புக்கூடு முழுவதும் பளிச்சென்று தெரியும், கிட்னி தெரியவே தெரியாது, புற்றுநோய் எலும்பெல்லாம் பரவினாலும் ஏறக்குறைய அதே மாதிரி தோன்றும். பரிந்துரைத் தாளில் அந்த ஒரு வரி இருப்பது எவ்வளவு முக்கியம் என்று இதிலிருந்தே புரியும்.

எந்தக் காரணத்துக்காகவும் டயாலிசிஸை விடாதீர்கள். "ஊசி போட்டிருக்கிறார்கள், மற்றவர்களுக்கு ஆகாது, இந்த ஒரு முறை வீட்டிலேயே இருக்கிறேன்" என்று நின்றுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பொட்டாசியம் ஏறினால் இதயம் நின்றுபோகும். கதிர்வீச்சைப் பற்றிய இந்தக் கவலைக்காக உயிரைப் பணயம் வைக்கவே கூடாது. அவசரம் என்றால் ஊசி போட்ட அன்றைக்கே டயாலிசிஸ் செய்யலாம், சொல்லிவிட்டுச் செய்தால் போதும். இன்னொன்று, இந்த மருந்து சிடி ஸ்கேனில் போடும் 'டை' போன்றது இல்லை, அளவு மிகமிகக் குறைவு, அதை வெளியேற்றவென்று தனியாக ஒரு டயாலிசிஸ் செய்ய வேண்டியதில்லை. பெட் ஸ்கேனோடு சிடி சேர்ந்து வரும்போது மட்டும் டையும் போடுகிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்கேன் அன்று கையை நீட்டும் முன் வாயைத் திறங்கள். ஃபிஸ்டுலா, அதாவது டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்களை இணைத்து வைத்த இடம், இருக்கும் கையில் ஊசி கூடாது, கட்டு கட்டக் கூடாது, பிரஷர் பார்க்கவும் கூடாது. உங்களுக்குத் தெரியும், ஊசி போடுகிறவருக்குத் தெரியாமல் இருக்கலாம். அந்தக் கையில் நரம்பு புடைத்துக்கொண்டு நிற்பதால் புதியவர்களின் கண் நேராக அங்கேதான் போகும். மற்றக் கையிலும் முழங்கைக்குக் கீழே இருக்கும் பெரிய நரம்பை விட்டுவிட்டு, புறங்கையில் போடச் சொல்லுங்கள். நாளைக்கு இன்னொரு ஃபிஸ்டுலா வைக்க அந்த நரம்பு வேண்டியிருக்கும். கழுத்தில் டயாலிசிஸ் குழாய் (கதீட்டர்) இருந்தால் டயாலிசிஸ் ஆட்களைத் தவிர யாரும் அதைத் தொடக் கூடாது. ஊசி சரியாக உள்ளே போகாமல் வெளியே கசிந்தால் படமும் கெடும், திரும்பப் போட வேண்டி வரும், அதனால் புறங்கையில் எரிச்சலோ வீக்கமோ தெரிந்தால் அப்போதே சொல்லிவிடுங்கள்.

சாப்பாடு. எலும்பு ஸ்கேனுக்குப் பெரும்பாலும் பட்டினி வேண்டாம். இதய ஸ்கேனில் மருந்து கொடுத்து இதயத்தை வேலை வாங்குவதென்றால், முந்தின நாளிலிருந்தே டீ, காபி, கோக், சாக்லேட் எல்லாம் நிறுத்தச் சொல்வார்கள். காஃபீன் அந்த மருந்தை வேலை செய்ய விடாது. கடையில் வாங்கும் கிராண்ட்பா தலைவலித் தூளிலும் காஃபீன் இருக்கிறது, இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ரூய்போஸில் காஃபீன் கிடையாது, ஆனால் அதுவும் நீர்தான், கணக்கில் சேரும். பெட் ஸ்கேனுக்கு 4 முதல் 6 மணி நேரம் பட்டினி. சர்க்கரை நோயோடு டயாலிசிஸும் இருப்பவருக்கு இன்சுலின் உடம்பில் அதிக நேரம் தங்கும் என்பதால் பட்டினி கிடக்கும்போது சர்க்கரை சட்டென்று இறங்கும். முதல் ஆளாகக் காலையிலேயே நேரம் கேளுங்கள், அன்றைய இன்சுலினை எப்படிப் போடுவது என்பதை டாக்டரிடம் முன்கூட்டியே கேளுங்கள், நீங்களாக முடிவு செய்யாதீர்கள். மாத்திரைகளின் பட்டியலைக் கையில் வைத்திருங்கள், யூனிட்டில் இரும்புச்சத்து ஊசி கடைசியாக எப்போது போட்டார்கள் என்பதையும் சேர்த்து. எலும்பு ஸ்கேன் படத்தை அது மாற்றக்கூடும்.

தண்ணீர் பற்றி மறுபடியும் சொல்கிறேன், சலிப்பாக இருந்தாலும் பரவாயில்லை. உங்கள் டயாலிசிஸ் டாக்டர் ஒரு நாளைக்கு எவ்வளவு என்று சொல்லியிருக்கிறாரோ அதே அளவுதான் ஸ்கேன் அன்றும். ரசமும் கஞ்சியும் ஐஸ்கட்டியும் அந்தக் கணக்குக்குள்தான். ரேடியோகிராபர் நல்ல மனதோடு ஒரு லிட்டர் பாட்டிலை நீட்டினால் "நான் டயாலிசிஸ், எனக்கு நீர் அளவு உண்டு" என்று சொல்லிவிடுங்கள், உடனே புரிந்துகொள்வார்.

வீட்டுக்கு வந்த பிறகு

இங்கேதான் மனசு அதிகம் புண்படுகிறது. தட்டைத் தனியாக வைப்பது, பேரப்பிள்ளையை ஒரு மாதம் மடியில் ஏற்றாமல் இருப்பது, இதெல்லாம் தேவையே இல்லை. எலும்பு ஸ்கேன் ஊசி போட்டவுடன் ஒரு மீட்டர் தள்ளி நிற்பவருக்கு மணிக்கு ஏறத்தாழ 10 மைக்ரோசீவர்ட் (உடம்புக்குக் கிடைக்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவில் கிடைக்கலாம். 24 மணி கழித்து அது ஒன்றுக்கும் கீழே. விமானத்தில் உயரத்தில் பறக்கும்போதே மணிக்குச் சில மைக்ரோசீவர்ட் எல்லாருக்கும் கிடைக்கிறது, சென்னைக்குப் போய்வரும்போது நாம் அதைப் பற்றி நினைப்பதுகூட இல்லை. பொதுமக்களுக்கு வரம்பு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட், அதாவது 1000 மைக்ரோசீவர்ட். இயற்கையில் மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் உலக சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் எப்படியும் கிடைக்கிறது.

எனவே அன்றைக்கு மட்டும் கைக்குழந்தையை நெஞ்சோடு அணைத்தபடி மணிக்கணக்கில் வைத்திருக்காதீர்கள், கர்ப்பிணி மகளோ மருமகளோ இருந்தால் பக்கத்திலேயே ஒட்டி உட்கார வேண்டாம், இரவு தனியாகப் படுத்தால் போதும். தூரம் இரண்டு மடங்கானால் கதிர்வீச்சு நாலில் ஒரு பங்காகிவிடும், அறையின் மறுபக்கம் உட்கார்ந்து பேசுவது எந்த வகையிலும் ஆபத்தில்லை. ஒரே பாத்திரத்தில் சமைக்கலாம், ஒரே மேசையில் சாப்பிடலாம். காவடி வருகிறது, கோயிலுக்குப் போகலாமா என்று கேட்பார்கள். இரண்டு நாள் கழித்துத் தாராளமாகப் போகலாம், கூட்டத்துக்கு உங்களால் ஒன்றும் ஆகாது. நடக்க உடம்பில் தெம்பு இருக்கிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது.

சிறுநீர் கொஞ்சம் வருகிறவர்கள், ஆண்களும் உட்கார்ந்தே போங்கள், இரண்டு முறை தண்ணீர் விடுங்கள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். டயப்பர் மாற்றுகிறவர் கையுறை போட்டுக்கொள்ளட்டும், கட்டிய பையை மூன்று நாள் ஒதுக்குப்புறமாக வைத்துவிட்டுக் குப்பையில் போடட்டும். பத்து அரை ஆயுள், அதாவது 60 மணி ஆகிவிட்டால் டெக்னீசியத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட மீதி இருக்காது.

வயிற்று டயாலிசிஸ் செய்பவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள், உங்களுக்கென்று யாரும் சொல்லித் தரமாட்டார்கள். மருந்தில் ஒரு பகுதி வயிற்றுக்குள் இருக்கும் நீருக்கு வரும், வடிக்கும்போது பையில் வெளியே வரும். வழக்கம்போல நீரை வடித்துப் புது நீர் விடும் எல்லா மாற்றலையும் செய்யுங்கள், ஒன்றையும் குறைக்க வேண்டாம். கையுறை போட்டுக்கொண்டு பையைக் கழிப்பறையில் தாழ்வாகப் பிடித்து, தெறிக்காமல் மெதுவாக ஊற்றுங்கள், மூடியை மூடிவிட்டு இரண்டு முறை தண்ணீர் விடுங்கள். காலிப் பைகளை ஒரு பெரிய பையில் முடிந்து கராஜில் மூன்று நாள் போட்டுவையுங்கள். ஸ்கேன் எடுக்கப் போவதற்கு முன்னால் வயிற்றை வடித்துவிட்டு வரவா, நீரோடு வரவா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

யூனிட்டில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு

நோயாளி சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள், எடை பார்க்கும்போதே: "போன முறைக்கு அப்புறம் ஏதாவது ஸ்கேன், ஊசி?" என்ன மருந்து, எத்தனை மணிக்கு என்பதை சார்ட்டில் எழுதுங்கள். மறுநாள் வருகிறவர் என்றால் வழக்கமான கையுறை, ஏப்ரன், முகக்கவசம் இவையே போதும்.

அன்றைக்கே வருகிறவர் என்றால் ஓரத்துப் படுக்கையைக் கொடுங்கள். ஊசி குத்துவது, இணைப்பது, கழற்றுவது எல்லாம் தயாராக எடுத்து வைத்துக்கொண்டு சுருக்காக முடியுங்கள், மற்ற நேரம் இரண்டு மீட்டர் தள்ளி இருந்து பாருங்கள். ஊசி போட்டு மூன்று மணி கழித்துத் தொடங்கும் 4 மணி நேர டயாலிசிஸில் ஒருவர் முழு நேரமும் ஒரு மீட்டரிலேயே நின்றால்கூட ஏறத்தாழ 25 மைக்ரோசீவர்ட்டுக்குள்தான், யாரும் அப்படி நிற்பதும் இல்லை. ஆனால் அதற்காக நோயாளியை எட்டி நின்று பார்த்துவிட்டுப் போய்விடக் கூடாது. பிரஷர் விழுந்தால் ஓடிப்போய்க் கையைப் பிடியுங்கள், அந்த நிமிடத்தில் கதிர்வீச்சைப் பற்றிய யோசனையே வேண்டாம். கர்ப்பமாக இருக்கும் சிஸ்டர் பொறுப்பாளரிடம் சொல்லி வேறு நோயாளியை மாற்றிக்கொள்ளலாம், இதில் கூச்சப்பட எதுவும் இல்லை, மாற்றிக் கொடுப்பது எங்கள் கடமை.

மெஷினிலிருந்து வடிகாலுக்குப் போகும் நீர் நிமிடத்துக்கு 500 மில்லி வீதம் 4 மணியில் 120 லிட்டர், மருந்து அதில் கரைந்து நீர்த்துப்போய்விடும், தனியாகப் பிடித்துவைக்க வேண்டாம். டயாலைசரையும் (ரத்தத்தைச் சுத்தம் செய்யும் வடிகட்டி) மெஷினின் ரத்தக் குழாய்களையும் சிவப்புப் பையில் கட்டி, தேதியும் நேரமும் எழுதி, மூன்று நாள் பூட்டிய அறையில் வைத்துவிட்டு வழக்கமான மருத்துவக் கழிவோடு அனுப்புங்கள். ரத்தம் சிந்தினால் உறிஞ்சும் தாளைப் போட்டு வெளியிலிருந்து உள்நோக்கித் துடையுங்கள், துடைத்ததும் அதே பைக்குள் போகட்டும். சந்தேகம் வந்தால் நியூக்ளியர் மெடிசின் பகுதிக்கே போன் போடுங்கள், அவர்களிடம் அளக்கும் கருவி இருக்கிறது, வந்து பார்ப்பார்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் டெக்னீசியத்துக்கு. பெட் ஸ்கேனில் போடும் ஃப்ளூரின்-18-க்கு அரை ஆயுள் 110 நிமிடம்தான், கதிரின் ஆற்றல் அதிகம் ஆனாலும் மறுநாள் காலைக்குள் கதை முடிந்துவிடும். வேறு சில ஸ்கேன்களில் போடும் தாலியம்-201-க்கு 73 மணி, காலியம்-67-க்கு 78 மணி, இவற்றுக்கு மேலே சொன்ன மூன்று நாள் கணக்கு போதாது, கழிவை எத்தனை நாள் வைக்க வேண்டும் என்று கேட்டே செய்யுங்கள்.

தைராய்டு புற்றுநோய்க்கோ தைராய்டு அதிகமாகச் சுரப்பதற்கோ கொடுக்கும் அயோடின்-131 முற்றிலும் வேறு விஷயம். அது ஸ்கேன் இல்லை, சிகிச்சை. அரை ஆயுள் 8 நாள். சாதாரணமாகச் சிறுநீரில் போக வேண்டியது டயாலிசிஸ் நோயாளியின் உடம்பிலேயே சுற்றிக்கொண்டிருக்கும், ஆகவே எவ்வளவு கொடுப்பது, எந்த நேரத்தில் டயாலிசிஸ், எந்த அறையில், யார் கவனிப்பது, அவர்களின் சட்டையில் கதிர்வீச்சை அளக்கும் பட்டை, கழிவை எங்கே வைப்பது, இத்தனையும் நியூக்ளியர் மெடிசின் டாக்டரும் டயாலிசிஸ் டாக்டரும் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரியும் உட்கார்ந்து எழுதி முடித்த பிறகுதான் மருந்தைக் கொடுக்க வேண்டும். அந்தத் திட்டத்தை உங்களிடம் காட்டாமல் மாத்திரையை நீட்டினால் விழுங்குவதற்கு முன் நிறுத்திக் கேளுங்கள்.

ஸ்கேன் முடிந்த கையோடு ஊருக்குப் போகிறவர்கள், என்ன மருந்து, எந்தத் தேதியில் என்று ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். விமான நிலையங்களில் இருக்கும் சில கருவிகள் மிகக் குறைந்த அளவையும் கண்டுபிடித்துச் சத்தம் போடும். டெக்னீசியம் என்றால் சில நாளுக்கு அந்தக் கடிதம் போதும், தாலியத்துக்கு ஒரு மாதம் வரை, அயோடின் சிகிச்சை எடுத்தவர்கள் மூன்று மாதம் வரை பாஸ்போர்ட்டோடு சேர்த்தே வைத்திருங்கள். ஊரில் டயாலிசிஸ் செய்யப் போகும் யூனிட்டுக்கும் அதன் ஒரு நகலைக் கொடுத்துவிடுங்கள்.